அர்வாரிக் கரையில் – 2: ஹோலிக்குள் ஒரு தண்ணீர்

சென்ற இதழில் ராஜஸ்தானின் கோபால்புராவில் நிறுத்தியிருந்தேன். 1985இல் கிராமத்துக்கு மருத்துவமும் படிப்பும் தரலாம் என்று நண்பர்களுடன் வந்திறங்கிய ராஜேந்திர சிங்கை, அதெல்லாம் பிறகு ஆகட்டும், முதலில் தூர்ந்துபோன ஜோஹடை, அதாவது ஊர்க்குளத்தைத் தோண்டு என்று மாங்கு என்ற முதியவர் திருப்பிவிட்ட ஊர் அது. அந்த ஒரு குளத்தில் நீர் நின்று கிணறுகள் ஊறியதைக் கண்ட பிறகுதான் மற்ற ஊர்கள் அசைந்தன. அப்படி முதலில் அசைந்தவற்றில் ஒன்று, அர்வாரி ஆறு பிறக்கும் இடத்தில் இருக்கும் பாவ்ந்தா-கோல்யாலா.

பீகம்புராவிலிருந்து ஜீப். உள்ளே இருந்தவர்களுக்குச் சமமாகக் கூரை மேலும் ஆட்கள். மார்ச் மாதம், கடுகு அறுத்துக் களத்தில் குவித்திருந்தார்கள், கோதுமை மட்டும் இன்னும் பச்சை மாறாமல் நின்றது. சாலையோரம் முழுக்க நம்மூர்ச் சீமைக்கருவேலம். இங்கே அதற்கு விலாயதி கீகர் என்று பெயர். ஆரவல்லிச் சரிவில் ஏற ஏற அது குறைந்து தோக் மரங்கள் தொடங்குகின்றன. கோடையில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் செத்தது போல நிற்கும், முதல் மழைக்குத் துளிர்க்கும் என்றார் பக்கத்தில் இருந்தவர்.

பாவ்ந்தாவில் எனக்கு வழிகாட்டியவரை ஊரே காகா என்று கூப்பிட்டது. நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருக்கு நான் 'பாயி சாப்'. நடப்பதற்கு முன்னால் சாப்பாடு என்று சொல்லிவிட்டார். கம்பு மாவும் மோரும் சேர்த்துக் காய்ச்சிய ராப்டி. கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் கரிசல்காட்டுக் கம்பங்கூழ்தான்.

இரு மலைகள் நெருங்கும் இடுக்கில் குறுக்கே அணை கட்டியிருக்கிறார்கள். "பொறியாளர் யாரும் வந்து அளந்தாரா காகா?" என்று கேட்டேன்.

"எந்தப் பாறை வரைக்கும் வெள்ளம் ஏறும்னு ஆடு மேய்க்கிறவனுக்குத் தெரியும். அவனைக் கேட்டோம்."

எங்கே கட்டுவது, எவ்வளவு உயரம், கலிங்கு எந்தப் பக்கம் என்பதையெல்லாம் கிராம சபையில் உட்கார்ந்துதான் முடிவு செய்திருக்கிறார்கள். ராஜேந்திர சிங்கின் தருண் பாரத் சங்கம் பணத்துக்கு வழி செய்தாலும், ஊரின் பங்காக உழைப்பு வராமல் வேலையைத் தொடங்குவதில்லை. இந்தப் பிடிவாதம் காசை மிச்சம் பிடிப்பதற்காக மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தான் மண் சுமந்த கரையில் எலி வளை விழுந்தால் ஊர்க்காரன் கண்ணுக்கு அது படும்.

ஆறு எப்படி வந்தது என்பதை இந்த இடுக்கில் நின்றால்தான் புரிந்துகொள்ள முடிகிறது. இங்கே ஆண்டுக்குச் சராசரியாக 600 மில்லிமீட்டர் அளவில்தான் மழை. அதிலும் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பருக்குள் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். மரம் வெட்டி மொட்டையடித்த சரிவில் அது மணி நேரத்தில் ஓடி மறையும். மேல்மண்ணும் கூடவே போகும். அந்த ஓட்டத்தை மேலேயே தடுத்தால் நீர் தேங்குகிறது. தேங்கிய நீர் பாறை வெடிப்புகள் வழியே கீழே இறங்கிக் கிணறுகளுக்குப் போய்ச் சேர்கிறது. வெயிலுக்குக் கொஞ்சம் போனாலும், மண்ணுக்கடியில் புகுந்தது பத்திரம். சில மாதங்களில் குளம் வற்றினால், ஈரமான அந்தத் தரையிலேயே கோதுமையோ கடலையோ விதைத்துவிடுகிறார்கள்.

இப்படி ஒன்றல்ல. 1986இல் ஊற்றுக்கண்ணில் தொடங்கிய வேலை, ஓடை ஓடையாகக் கீழே இறங்கி 375ஐ எட்டியது. மண்கரை போட்ட ஜோஹட், கல் அணை, வயல் வரப்பு எல்லாம் சேர்த்துத்தான். நிலத்தடி நீர் ஏறி ஏறி ஆற்றுப் படுகையின் மட்டத்தைத் தாண்டிய போது, பல பத்தாண்டுகளாக மழைக்கால ஓடையாகச் சுருங்கிக் கிடந்த அர்வாரி 1990இல் மழை முடிந்தும் ஓடியது. 1995இல் ஆண்டு முழுக்க ஓடியது. ஆற்றை யாரும் தோண்டவில்லை. கிணறுகளை நிரப்பினார்கள், மிஞ்சியது ஆறாயிற்று.

கிணற்றில் நீர் ஊறினால் மலையில் பச்சை வரும். பச்சை வந்தால் வெட்டக் கோடரியும் வரும். அதற்காக 1998இல் இந்த ஊர்க்காரர்களே தங்கள் மலையைப் பைரோன்தேவ் மக்கள் வனவிலங்குச் சரணாலயம் என்று அறிவித்துக் காவல் காக்கத் தொடங்கினார்கள். அரசாணை எதுவும் இல்லை. ஊர்த் தெய்வத்தின் பெயரே காவலுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

அங்கிருந்து ஆற்றோடு கீழே, ஹமீர்புர். வழியில் படுகை சில இடத்தில் வெறும் மணல், சில இடத்தில் முழங்கால் நீர். ஹமீர்புர் மடுவில் நல்ல ஆழம். மீன்கள் கும்பலாகப் போவது கரையிலிருந்தே தெரிந்தது. இந்த மீன்தான் ஒரு நாடாளுமன்றத்துக்குக் காரணம்.

ஆறு வற்றிக் கிடந்தவரை அது யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. நீர் வந்து மீன் பெருகியதும், 1996 வாக்கில், மீன்பிடிக்க அரசு குத்தகை விட்டது. பெரும்பாலும் சைவச் சாப்பாட்டுக்காரர்களான ஊரார் மறித்து உட்கார்ந்தார்கள். இன்று மீனுக்குக் குத்தகை, நாளை தண்ணீருக்கு என்பதுதான் அவர்களுடைய பயம். குத்தகை ரத்தானது. ஆனால் அந்தச் சண்டை வேறொரு கேள்வியை ஊருக்குள் போட்டுவிட்டது: வெளியாள் எடுக்கக் கூடாது சரி, நாமே எவ்வளவு எடுக்கலாம்?

அதற்குப் பதிலாகப் பிறந்ததுதான் அர்வாரி சன்சத் என்ற நாடாளுமன்றம். எழுபது ஊர்களுக்கு மேல் பிரதிநிதிகள் அனுப்ப, 1999 ஜனவரி 26 அன்று ஹமீர்புரில் அது தொடங்கியது. மறு ஆண்டு குடியரசுத் தலைவர் கே. ஆர். நாராயணன் இதே ஹமீர்புருக்கு வந்து, பாவ்ந்தா-கோல்யாலா மக்களுக்கு சுற்றுச்சூழலுக்கான விருதைக் கொடுத்தார்.

சன்சத் வகுத்த விதிகளில் முக்கியமானவை: கரும்பு, நெல் போன்ற தண்ணீர் குடிக்கும் பயிர் வேண்டாம். ஹோலிக்குப் பிறகு மழை வரும்வரை ஆற்றிலிருந்து நேராக நீர் இறைக்கக் கூடாது. சுரங்கத்துக்கு நிலம் தரக் கூடாது. பச்சை மரத்தை வெட்டக் கூடாது.

நான் போனது ஹோலிக்குச் சில நாள் முன்பு. கரையோர வயல் ஒன்றில் ஒரு விவசாயி கோதுமைக்குக் கடைசித் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். கல்லூரி முடித்த அவருடைய தம்பி மகன் மடை மாற்றிக்கொண்டிருந்தான். பையன் மறைக்காமல் பேசினான்: "ஆத்துல மோட்டார் வைக்கக் கூடாதுங்கிறாங்க. பத்தடி தள்ளிக் கிணத்துல வைக்கலாமாம். ரெண்டும் ஒரே தண்ணிதானே, பாயி சாப்?"

நியாயமான கேள்வி. பெரியவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். "ஒரே தண்ணிதான். அதனாலதான் மோட்டாரைவிடப் பயிருக்குக் கட்டுப்பாடு பெருசு. கிணத்துக்குள்ள எட்டிப் பார்த்து யாரும் அளக்க முடியாது. வயல்ல கரும்பு நின்னா ஊரே பார்க்கும்."

"மீறினால் என்ன செய்வீர்கள்? சன்சத்துக்குப் போலீஸ் இல்லையே?"

"போலீஸ் எதுக்கு? என் பொண்ணைக் கட்டிக் கொடுத்த ஊரும் இதே ஆத்துமேலதான் இருக்கு."

பையன் சிரித்தான், ஒப்புக்கொண்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். ஜெய்ப்பூர்ச் சந்தைக்குக் காய்கறி போட்டால் என்ன கிடைக்கும் என்ற கணக்கு அவன் தலைக்குள் இருந்தது. போர்வெல் போட ஆகும் செலவும் அவனுக்கு அத்துப்படி. மண் சுமந்த தலைமுறை ஆறு இல்லாத காலத்தைக் கண்ணால் பார்த்தது. இவன் பிறந்தபோதே ஆறு இருந்தது. பஞ்சத்தின் நினைவில் நிற்கும் கட்டுப்பாடு, பஞ்சம் பார்க்காதவனிடம் எப்படி நிற்கும் என்ற கேள்வி, அணை கட்டுவதைவிடக் கடினமானது. அணை கட்ட ஒரு கோடை போதும். இந்தப் பேச்சை ஒவ்வொரு ஹோலிக்கும் புதிதாகப் பேச வேண்டியிருக்கிறது.

இன்னொரு பேச்சும் பாக்கி இருக்கிறது. மேலே தடுத்து நிலத்துக்குள் இறக்கிய நீர், கீழே அந்த அளவுக்குக் குறைந்தாக வேண்டும். சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தப் படுகையை ஆராய்ந்து சொன்னதும் இதைத்தான்: தடுப்புகள் பெருகப் பெருக ஊற்று கூடுகிறது, ஆற்றின் ஓட்டம் குறைகிறது. எத்தனை தடுப்பு போதும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. பாவ்ந்தாவில் நின்று பார்த்தால் ஒவ்வொரு கரையும் லாபமாகத்தான் தெரியும்.

அர்வாரியின் வால் போய் விழுகிற இடம் சைந்தல் சாகர் அணை. அதை நம்பிப் பயிர் வைப்பவர்களுக்கும் இந்த ஆற்றில் பாத்தியதை உண்டு. அவர்களைக் கேட்காமல் அர்வாரிக் கதையை வெற்றிக் கதை என்று எழுதிவிட எனக்கு மனமில்லை. அடுத்த இதழில் அங்கே போகலாம்.

(தொடரும்)