அண்ணாச்சி கடை பெஞ்சு

சலூன்ல ஒரு போர்டு மாட்டியிருப்பாங்க, பார்த்திருப்பீங்க. 'தயவுசெய்து இங்கு அரசியல் பேசாதீர்கள்'. அதுக்கு நேர் கீழேயே அன்னிக்கு வந்த தினத்தந்தி கிடக்கும். பேப்பரையும் போட்டுட்டு பேசாதேன்னும் சொன்னா மனுஷன் என்னதான் செய்வான்? ஆனா சலூன்காரர் பக்கமும் நியாயம் இருக்கு. கத்தி அவர் கையில, கழுத்து நம்மளுது. பேச்சு சூடானா யாருக்கு நஷ்டம்னு அவருக்குத் தெரியும் :)

டீக்கடைகளிலும் இதே போர்டைப் பார்த்திருக்கேன். பாளையங்கோட்டையில் நான் டீ குடிச்சு வளர்ந்த அண்ணாச்சி கடையில மட்டும் கிடையாது. ஏன் அண்ணாச்சி மாட்டலைன்னு ஒருத்தர் கேட்டதுக்கு, "பேசாம குடிக்கணும்னா அவன் வீட்டுலயே குடிப்பாம்லா, இங்க எதுக்கு வாரான்?"னு சொல்லிட்டு பாலைக் கிண்ட ஆரம்பிச்சிட்டார்.

ரெண்டே ரெண்டு பெஞ்சு. காலையில ஆறு மணியிலிருந்து எட்டரை வரைக்கும் அங்கே நிரந்தர உறுப்பினர்கள் நாலு பேர். அரசு பஸ் ஓட்டுற டிரைவர் அண்ணன், ஒரு எல்.ஐ.சி. ஏஜெண்ட், கோர்ட்டுல டைப்பிஸ்டா இருந்த ஒரு மாமா, அப்புறம் ரிட்டையர் ஆன தமிழ் வாத்தியார். நான் டிகிரி முடிச்சுட்டு வேலை தேடிக்கிட்டிருந்தேன். அதாவது தேடுறதா வீட்ல சொல்லிட்டு பெஞ்சோட ஓரத்துல உட்கார்ந்திருந்தேன்.

அங்கே நடக்கிற பேச்சை வெளியாள் கேட்டா கொலை விழப்போகுதுன்னுதான் நினைப்பான். 1999 ஏப்ரல்ல வாஜ்பாய் அரசு ஒரே ஒரு ஓட்டுல கவுந்துச்சு இல்லையா, அந்த வாரம் முழுக்க கடையில கச்சேரிதான். ஒரிசா முதல்வர் கிரிதர் கமாங், எம்.பி. பதவியை இன்னும் விடாததால டெல்லி போய் ஓட்டுப் போட்டிருந்தார். "முதலமைச்சரா இருக்கவன் அங்க போயி எப்படிவே ஓட்டுப் போடலாம்?"னு ஏஜெண்ட் எகிறினார். டிரைவர் அண்ணன் நிதானமா, "நீரு பாலிசி பிடிக்கப் போன வீட்டுல உக்காந்து சாப்பிட்டுட்டு வாரீருலா, அது மாதிரிதான்"னார். "நீரு ஸ்டாப்புல நிக்க ஆளைப் பாத்தாலே ஆக்ஸிலேட்டர மிதிக்க ஆளு, உமக்கு ஜனநாயகத்தப் பத்தி என்னவே தெரியும்?"னு பதில் வந்தது. இடையில வாத்தியார் ஏதோ சொல்லப்போக, "இந்தக் கெழட்டு மூதிய மொதல்ல உக்காரச் சொல்லுங்க"ன்னு டிரைவர் அண்ணன். "நீ ஓட்டுத பஸ்ஸ விட எனக்கு வயசு கம்மிதாம்ல, கோட்டிக்காரப் பயல"ன்னு வாத்தியார்.

எட்டரைக்கு எல்லாரும் ஒண்ணாத்தான் எந்திரிச்சுப் போவாங்க. மறுநாள் ஆறு மணிக்கு மறுபடியும்.

இதெல்லாம் கைமீறிப் போகாம அண்ணாச்சி எப்படிச் சமாளிச்சார்ங்கிறதுதான் இந்த விஷயத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. அதட்ட மாட்டார். குரல் ஏறினா டீயை வழக்கத்தைவிட உயரமாத் தூக்கி ஆத்துவார். "சூடா இருக்கு, ஆத்தித் தாரேன். நீரும் செத்த ஆறும்வே." அதுக்கும் அடங்கலைன்னா கல்லாவுக்குள்ள இருந்து கடன் நோட்டு வெளியே வரும். சத்தமாப் படிப்பார். "அவருக்கு முப்பத்திரெண்டு ரூவா, உமக்கு நாப்பத்தேழு. நாட்ட யாரு ஆளணும்னு பெறவு பாக்கலாம், மொதல்ல இதத் தீருங்க." அவ்வளவுதான், பெஞ்சுல பேச்சு சினிமாவுக்கு மாறிடும்.

இன்னொண்ணும் சொல்லணும். அந்தக் கடையில அதிகமா அடிவாங்கினது அண்ணாச்சியோட டீதான். கழனித்தண்ணின்னு கண்ணாடி கிளாஸைத் தூக்கிக் காட்டிச் சொல்லுவாங்க. "ஆமா, மாடு வந்து குடிக்கி, மனுசன் நீரு குடிச்சா என்ன?"ன்னுவார். பண்டிகை நாள்ல டிவியில சாலமன் பாப்பையா பட்டிமன்றம் பார்க்கிறப்ப எனக்கு அண்ணாச்சி ஞாபகம் வரும். பேசுறவங்க நடுவரையே வாருவாங்க, அவரும் முதல் ஆளாச் சிரிப்பார். அப்படிச் சிரிச்சவர் மணியடிச்சா யாருக்கும் கோபம் வராது.

அண்ணாச்சி சிரிக்காம நடந்துகிட்டது ஒரே ஒரு தடவைதான். தென்மாவட்டங்கள்ல சாதிக் கலவரங்கள் நடந்த காலம் அது. வெளியூர் ஆள் ஒருத்தர், பேப்பரைப் படிச்சிட்டு, இந்தச் சாதிக்காரனுவளே இப்படித்தான்னு ஆரம்பிச்சார். அண்ணாச்சி வந்து அவர் கையில இருந்த பாதி கிளாஸை வாங்கினார், ரெண்டு ரூவாயைத் திருப்பிக் கொடுத்தார், "டீ தீந்து போச்சு"ன்னார். பாய்லர்ல தண்ணி கொதிச்சிக்கிட்டிருந்தது.

வாத்தியார் அந்த ஏப்ரல் சண்டையப்போ ஒரு கதை சொன்னார். மணிமேகலையோட முதல் காதையிலேயே புகார் நகரத்துல இந்திர விழாவுக்கு முரசறையறது வருதாம். யானைப் பிடரியில முரசை ஏத்திக்கிட்டு வர்றவன், ஊரை அலங்காரம் பண்ணுங்கன்னு சொல்றதோட நிக்கல. வாதம் பண்றவங்க பட்டிமண்டபத்து முறை தெரிஞ்சு ஏறுங்க, உங்களுக்கு ஆகாத ஆளா இருந்தாலும் கோபமும் சண்டையும் வேண்டாம், விலகிப் போயிடுங்கன்னும் சேர்த்து அறிவிக்கிறான். திருவிழா நடக்கப்போறது இருபத்தெட்டு நாள். அவ்வளவு நாளும் ஊர் தாங்கணும்லன்னார் வாத்தியார். "அப்ப அங்கயும் டீக்கட இருந்திருக்கு"ன்னார் டிரைவர் அண்ணன்.

எனக்கு அப்போ இருந்த எண்ணம் வேற. இவங்க பேசுற மூதி, கோட்டி, சவம் எல்லாம் நாகரிகம் இல்லாத பேச்சு, படிச்சவன் கெட்ட வார்த்தை இல்லாமப் பேசணும். நான் ஒருத்தன்தான் அந்த பெஞ்சுல பண்பாடாப் பேசுறேன்னு ஒரு நெனப்பு.

இந்த நெனப்பு எனக்கு மட்டும் இல்லைங்க, நாடாளுமன்றங்களுக்கே இருக்கு. மக்களவையில விதி 380-ன்படி தகாத சொற்களை சபாநாயகர் குறிப்பிலிருந்து நீக்கலாம். அப்படி நீக்கினதெல்லாம் தொகுத்துப் புத்தகமாவும் போடுறாங்க. 2022 ஜூலையில வந்த தொகுப்புல 'ஜும்லாஜீவி'யோட சேர்த்து 'வெட்கக்கேடு', 'நாடகம்', 'துரோகம்' மாதிரி அன்றாட வார்த்தைகளும் இருக்குன்னு பெரிய சர்ச்சையாச்சு. எந்த வார்த்தைக்கும் தடையில்லை, முன்னாடி நீக்கப்பட்டதோட பட்டியல்தான்னு சபாநாயகர் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. அதைவிட வேடிக்கை, தகாத சொற்கள்ல 'கோட்ஸே'யும் ஒண்ணா இருந்தது. அப்போ நாசிக் எம்.பி.யா இருந்தவரோட குடும்பப் பெயரே கோட்ஸே! ஹேமந்த் கோட்ஸே. என் பேரு கெட்ட வார்த்தையான்னு அவர் முறையிட, 2015ல சபாநாயகர் சுமித்ரா மகாஜன் அந்தப் பெயரை விடுவிச்சார். நாதுராம் கோட்ஸேங்கிற முழுப்பேர் மட்டும் பட்டியல்ல மிஞ்சுச்சு. லண்டன்ல 2016ல டென்னிஸ் ஸ்கின்னர்ங்கிற மூத்த எம்.பி. பிரதமர் கேமரூனை 'டாட்ஜி டேவ்', அதாவது கோல்மால் டேவ்னு சொல்லிட்டு, வாபஸ் வாங்க மாட்டேன்னதால அன்னிக்கு முழுக்க வெளியே அனுப்பிட்டாங்க. அதே அர்த்தத்தை 'மாண்புமிகு' போட்டு நாலு வரியில சொல்லியிருந்தா உள்ளேயே உட்கார்ந்திருப்பார்.

சரி, என் மாண்புமிகு கதைக்கு வர்றேன்.

அதே வருஷம் ஜூன். பள்ளிக்கூடம் திறக்குற நேரம், எல்லார் வீட்லயும் இங்கிலீஷ் மீடியமா தமிழ் மீடியமான்னு பேச்சு. தமிழ்வழிக் கல்வி கேட்டு ஊரெல்லாம் சூடா இருந்த வருஷம் அது. நவம்பர்ல அஞ்சாம் வகுப்பு வரைக்கும் தாய்மொழி வழின்னு அரசாணையே வந்தது, அடுத்த வருஷம் ஹைகோர்ட்டு அதை ரத்து பண்ணுச்சு. பெஞ்சுல வாத்தியார் தமிழ்வழிக்கு அருமையாப் பேசிக்கிட்டிருந்தார். நான் எதிர்க்கட்சி. என் வாதம் தோத்துக்கிட்டிருந்தது. எல்லாரும் அவர் பக்கம் தலையாட்டுறாங்க. எனக்கு எரிச்சல்.

ரொம்ப மரியாதையா ஆரம்பிச்சேன். "ஐயா சொல்வது மிகவும் சரி. ஐயா தன் மகனையும் தமிழ்வழியில்தானே படிக்க வைத்தார்கள். அவர் இப்போது எங்கே, என்ன பணியில் இருக்கிறார் என்பதை ஐயா சொன்னால், எங்களுக்கும் ஊக்கமாக இருக்கும்."

வாத்தியார் மகன் வீட்டைவிட்டுப் போய் அப்போ ரெண்டு வருஷம். எங்கே இருக்கான்னு தெரியாது. அது தெருவுக்கே தெரியும், எனக்கும் தெரியும். தெரியாமச் சொல்லிட்டேன்னு வீட்ல சொன்னேன். பொய்.

டைப்பிஸ்ட் மாமா முதல்ல லேசாச் சிரிச்சார், அப்புறம் பாதியில நிறுத்திட்டார். வாத்தியார் பேப்பரை மடிச்சார், அவசரமே இல்லாம, நாலா மடிச்சு பெஞ்சுல வச்சார். காசைக் கல்லாவுல வச்சிட்டு நடந்து போயிட்டார். விலகிப் போயிடுங்கன்னு அவர் சொன்ன கதை அப்போ எனக்கு ஞாபகம் வரல. ராத்திரி வந்தது.

டிரைவர் அண்ணன் என்னை அடிப்பார்னு நினைச்சேன். கிட்ட வந்து உட்கார்ந்து, சின்னக் குரல்ல, "ஏல, நான் மூதின்னு ஏசுனா அவரு திருப்பி ரெண்டு ஏசுவாரு. நீ கேட்டதுக்கு அந்த மனுசன் என்னத்தலே சொல்லுவாரு?"ன்னார்.

எனக்கும் பதில் இல்ல.

அண்ணாச்சி அன்னிக்கு ஒண்ணும் சொல்லல. மறுநாள் போனப்ப டீயைக் கையில கொடுத்துட்டு, "எப்பவும் போல வா, குடி. வாய மட்டும் ஒரு மாசத்துக்கு எங்கிட்ட அடகு வச்சிட்டுப் போ. வட்டி கெடையாது"ன்னார். நோட்டுல என் பேர்ல எழுதவும் செஞ்சார். பக்கத்துல இருந்தவங்க சிரிச்சாங்க. கடைக்கு வராதேன்னு சொல்லியிருந்தா வீம்புக்கு வேற கடைக்குப் போயிருப்பேன். இப்போ தினமும் வந்து பேசாம உட்காரணும். வாத்தியார் உட்கார்ற இடம் காலியா இருக்கும், அதைப் பார்த்துக்கிட்டே குடிக்கணும்.

ஒன்பதாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பியிருந்தேன். திண்ணையில இருந்தார். மனசுக்குள்ள மனப்பாடம் பண்ணிட்டுப் போனதெல்லாம் மறந்துபோய், "தப்பாப் பேசிட்டேன் சார்"னு மட்டும் சொன்னேன். உள்ளே பார்த்து, ஒரு டம்ளர் தண்ணி கொண்டாரச் சொன்னார். அவங்க வீட்டம்மா கொண்டுவந்து கொடுத்தாங்க. அவங்களுக்கு விஷயம் தெரியுமா தெரியாதான்னு முகத்துல கண்டுபிடிக்க முடியல. தண்ணியைக் குடிச்சிட்டு வந்துட்டேன்.

அடகு மீட்க ரெண்டு நாள் இருக்கிறப்ப வாத்தியார் கடைக்கு வந்தார். பெஞ்சு மொத்தமும் ஒரு நொடி அமைதியாச்சு. டிரைவர் அண்ணன்தான், பேப்பர்ல இருந்து தலையை எடுக்காமலே, "என்னவே கெழட்டு மூதி, இன்னும் இருக்கீரா?"ன்னார்.

"நீ ஓட்டுத ரோட்டுலயே தப்பிச்சி வந்துட்டம்ல, இனி எமன் எங்க என்னயப் பிடிக்க?"

எல்லாரும் சிரிச்சாங்க, அண்ணாச்சி டீயைச் சிந்திட்டார். ஏஜெண்ட் நகர்ந்து இடம் விட்டார். அவருக்குன்னு இருந்த இடத்துல உட்கார்ந்தார் வாத்தியார். உட்கார்ந்தப்புறம் என் பக்கம் திரும்பினார்.

அதுவரைக்கும் அவருக்கு நான் 'ஏல'. "ஏல, பேப்பர இங்க தள்ளு", "ஏல, மூளையில்லாத பயல, வேல கெடச்சுதா?" இதுதான் எனக்கும் அவருக்கும் பேச்சு.

"நல்லா இருக்கீங்களா தம்பி?"ன்னு கேட்டார்.

2000 கடைசியில வேலை கிடைச்சு சென்னை வர்ற வரைக்கும் தினமும் அதே பெஞ்சுலதான் உட்கார்ந்தோம். சண்டை போட்டோம்கூட. ஒரு தடவைகூட அவர் என்னைத் திரும்ப 'ஏல'ன்னு கூப்பிடல.