மூன்று மாத மெருகு

என் மூத்த மகனின் கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது நான் ஓர் அசட்டுத்தனம் செய்தேன். சம்பந்தியம்மாள் நல்ல சிவப்பு. நானோ புதுக்கோட்டை வெயிலில் ஐம்பது வருஷம் காய்ந்தவள். பந்தலில் அவர் பக்கத்தில் நிற்க வேண்டுமே! அடுத்த வீட்டு அக்காள் ஒரு ட்யூபைக் காட்டி, "ராத்திரி தடவிப் படு, பதினைந்தே நாள்தான்" என்றாள். மருந்துக் கடையில் டாக்டர் சீட்டுக் கேட்காமலே கொடுத்தார்கள்.

பொய் சொல்வானேன்? பதினைந்து நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. கல்யாணப் படத்தில் பார்த்தால் எனக்கே என்னை அடையாளம் தெரியாது. எல்லாம் முடிந்ததென்று ட்யூபை நிறுத்தினேன். ஒரே வாரத்தில் முகம் தணலாக எரிய ஆரம்பித்தது. கன்னம் சிவந்தது, பொடிப் பொடியாகப் பருக்கள், மோவாயில் பூனை மயிர். மறுபடி தடவினால் அடங்கும், விட்டால் பற்றிக்கொள்ளும். மறுவீட்டு விருந்துக்கு வந்த மருமகளுக்கு முகத்தைக் காட்டக் கூசி, நான் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. "அத்தைக்கு என் மேல் கோபமா?" என்று அந்தப் பெண் என் மகனிடம் கேட்டாளாம்.

அதற்குப் பிறகுதான் தோல் டாக்டரம்மாளிடம் போனேன். ட்யூபில் இருந்தது ஸ்டீராய்டு. கரப்பான் போன்ற வியாதிகளுக்கு, டாக்டர் பார்வையில், கொஞ்ச நாள் தடவ வேண்டிய மருந்து. மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும். இவற்றைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாதென்று 2018-லேயே மத்திய அரசு விதி செய்திருக்கிறது. விதி இருந்தென்ன, கேட்டு வாங்கியது நான்தானே!

"மேல்தோல் ஒரு சுவர் அம்மா. செல்கள் செங்கல், நடுவிலே உள்ள கொழுப்புதான் சாந்து. நீங்கள் சுவரை இடித்துவிட்டு வெள்ளையடிக்கப் பார்த்தீர்கள்" என்றார் டாக்டரம்மாள். நம் கறுப்பும் அழுக்கல்லவாம். வெயிலுக்குத் தோல் பிடிக்கும் குடையாம்.

அந்த மாதமே தஞ்சாவூர் போகிற வழியில் ஆதனக்கோட்டையில் முந்திரி வாங்க இறங்கினேன். சாலையோரத்தில் ஓர் அம்மாள் வறுத்த கொட்டையை உடைத்துக்கொண்டிருந்தார். முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். அவர் கட்டையை எடுக்குமுன் விரல்களில் சாம்பலை அழுத்தித் தேய்த்தார். "பூசாமத் தொட்டா உரிஞ்சு போயிரும் ஆத்தா" என்றார். அவர் காசில்லாமல் சுவரைக் காத்தார். நான் காசு கொடுத்து இடித்தேன்.

இப்போது நான் செய்வது கொஞ்சம்தான். முகத்தைக் கழுவி ஒரு மணி நேரம் எதுவும் பூசாமல் இருந்து பாருங்கள். இழுத்துப் பிடித்தால் வறண்ட தோல். நெற்றியும் மூக்கும் மட்டும் மினுமினுத்தால் கலப்பு. முகம் முழுவதும் வழிந்தால் எண்ணெய்த் தோல். கழுவ மென்மையான திரவம் போதும். துணி சோப்பைப் போல நுரைக்கிறதெல்லாம் சாந்தைக் கரைக்கும். ஈரம் காயுமுன் மாய்ஸ்சரைசர். வாசனை இல்லாதது நல்லது. காலையில் எஸ்.பி.எஃப். 30 உள்ள சன்ஸ்கிரீன், இரண்டு விரல் நீளம், கழுத்துக்கும் சேர்த்து. வெளியிலேயே இருந்தால் இரண்டு மணிக்கொரு தரம். எலுமிச்சம்பழத்தை முகத்தில் தேய்த்துவிட்டு வெயிலில் போகவே கூடாது. பட்ட இடம் கொப்பளித்துக் கறுக்கும். புதிதாக எது வாங்கினாலும் முதலில் முழங்கை மடிப்பில் நாலைந்து நாள் தடவிப் பாருங்கள். மேல்தோல் புதிதாக வளர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஆகையால் வாரத்துக்கொரு களிம்பு மாற்றாதீர்கள். என் முகம் தேறப் பத்து மாதம் ஆயிற்று.

நடுவில் பொங்கலுக்கு மருமகள் வந்திருந்தாள். கோபமில்லையென்று சொல்ல வேண்டுமே. வெட்கத்தை விட்டு எல்லாக் கதையையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் ஒன்றும் பேசாமல் எழுந்து போய், தன் பெட்டியிலிருந்து அதே ட்யூபைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். பாதி காலியாகி இருந்தது.

மறுநாள் டாக்டரம்மாளிடம் இருவருமாகப் போனோம்.