இரண்டு ரசீதுகள்

புனேயின் தெற்கு மூலையில், கோந்த்வாவில் உள்ள ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடம். இரண்டாவது மாடி வீட்டின் இரும்பு பீரோவில் ஒரு நீல நிற ஃபைல். கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அந்த வேலூர்க்காரர், 1999-ல் வீடு வாங்கியதிலிருந்து கட்டிய சொத்து வரி ரசீதுகள் எல்லாம் அதற்குள் ஆண்டு வரிசைப்படி இருக்கின்றன. பில் வந்த கையோடு கட்டிவிடுவார். கெடுவுக்குள் கட்டினால் 5 முதல் 10 சதவிகிதம் வரை தள்ளுபடி கிடைக்கும். ஆனால் அவர் சொல்லும் காரணம் வேறு: "சர்க்காருக்குப் பாக்கி வெச்சுட்டு தூக்கம் வராது."

1997-ல்தான் கோந்த்வா புனே மாநகராட்சியோடு சேர்ந்தது. கிராமம் நகரமாகும்போது முதலில் வந்து சேர்வது வரி பில். குழாய்த் தண்ணீரும் அகலச் சாலையும் சாவகாசமாக வரும். இதற்காக அவர் புலம்பியதில்லை. மகளுடைய பில் வரும்வரை அந்த ஃபைல் அவருக்குப் பெருமையாகவே இருந்தது.

மகள் வங்கிக் கடன் வாங்கி, இரண்டு தெரு தள்ளிப் புதுக் கட்டடத்தில் குடியேறியது 2019-ல். இரண்டு வீடுகளுக்கும் ஏறக்குறைய ஒரே பரப்பு. பில் வந்த அன்று மகள் அதைக் கொண்டுவந்து அப்பாவின் ரசீதுக்குப் பக்கத்தில் வைத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார் அவர்.

"அப்பா, நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே ரோடு, ஒரே குழி, ஒரே டேங்கர் தண்ணி. எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு?"

பதில் பழைய கதையில் இருந்தது. சொந்த வீட்டில் தாமே குடியிருப்பவர்களுக்கு வரி மதிப்பில் 40 சதவிகிதச் சலுகை தருவதென்று புனே மாநகராட்சி 1970-ல் தீர்மானம் போட்டது. தலைமுறைகள் அதை அனுபவித்தன. பிறகு தணிக்கையில் ஆட்சேபம் எழுந்தது. மாநில அரசு அந்தத் தீர்மானத்தை ரத்து செய்தது. 2019 ஏப்ரலுக்குப் பின் பதிவான வீடுகளுக்குச் சலுகை இல்லை. அறுபது ரூபாய் கட்ட வேண்டிய இடத்தில் நூறு ரூபாய். நாற்பது சதவிகிதச் சலுகை போனால் ஏறுவது நாற்பது சதவிகிதம் அல்ல, மூன்றில் இரண்டு பங்கு என்பதை மகள்தான் கணக்குப் போட்டுக் காட்டினாள்.

காயத்தில் உப்பு வைத்தது போல வந்தது 2020-ன் 'அபய யோஜனா'. வரி பாக்கிக்கு மாதம் 2 சதவிகிதம் அபராதம் என்பது சட்டம். ஆனால் 50 லட்சம் ரூபாய் வரை பாக்கி வைத்திருந்தவர்களுக்கு அந்த அபராதத்தில் 80 சதவிகிதம் தள்ளுபடி தரப்பட்டது. பாக்கியை வசூலிக்க அது ஒரு வழி என்பதை மறுக்க முடியாது. ஆனால் கீழ் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "மே மாசமே ஓடிப்போய் கட்டினீங்களே, என்ன கெடச்சுது?" அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று மனைவி பின்னர் சொன்னார்.

யாரைப் போய்க் கேட்பது? புனேயில் பெரும்பாலான வார்டுகளுக்கு நான்கு உறுப்பினர்கள். ஒருவரிடம் போனால் அடுத்தவரைக் காட்டுவதற்கு இதைவிட வசதி ஏது? அந்த வசதியும் 2022 மார்ச்சில் போயிற்று. மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது, தேர்தல் வரவில்லை. பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243-யு பிரிவு சொல்கிறது. ஆனால் இதர பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு, வார்டு பிரிப்பு வழக்குகளில் ஆண்டுகள் கரைந்தன. ஆணையரே நிர்வாகி. 2025-26க்கான 12,618 கோடி ரூபாய் பட்ஜெட்டும் கார்ப்பரேட்டர்கள் இல்லாமலே வந்தது. வரி கேட்கும் பில் மட்டும் ஓர் ஆண்டுகூடத் தவறவில்லை.

இதற்கிடையே 2023 பிப்ரவரியில் கஸ்பா பேட் சட்டமன்ற இடைத்தேர்தல். பா.ஜ.க.வின் கோட்டையாக இருந்த தொகுதியில் காங்கிரஸின் ரவீந்திர தங்கேகர் வென்றார். வரிச் சலுகையும் அப்போது பேசப்பட்ட விஷயங்களில் ஒன்று. அடுத்த சில வாரங்களில் 40 சதவிகிதச் சலுகையை மீண்டும் தர மாநில அரசு முடிவெடுத்தது. ஒன்றால்தான் மற்றது நடந்தது என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். நாட்காட்டி மட்டும் அருகருகே காட்டுகிறது.

தமிழ்நாட்டு நாட்காட்டியும் அப்படித்தான். 2018-ல் ஏற்றிய சொத்து வரி, உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய 2019 நவம்பரில் நிறுத்தி வைக்கப்பட்டது. 2016 அக்டோபரிலிருந்து ஐந்தாண்டுக்கு மேல் மாநகராட்சிகளில் கவுன்சிலர்களே இல்லை. 2022 பிப்ரவரி 19-ல் தேர்தல் முடிந்தது. ஏப்ரல் பிறந்ததும் 25 முதல் 150 சதவிகிதம் வரை உயர்வு என்று அறிவிப்பு வந்தது. ஆட்சி மாறினாலும், தேர்தலுக்கு முன் இறங்குவதும் பின் ஏறுவதும் மாறவில்லை.

சலுகை திரும்பியதும் மகள் பி.டி.-3 படிவத்தை நிரப்பினாள். அந்த வீட்டில் தான்தான் குடியிருக்கிறேன் என்பதற்குச் சான்று, 25 ரூபாய் கட்டணம். கூடுதலாகக் கட்டியது கையில் பணமாக வராது, வரும் ஆண்டுகளின் பில்லில் கழியும். "நாம தாமதிச்சா மாசத்துக்கு ரெண்டு சதவிகிதம், அவங்க தாமதிச்சா கழிவு" என்றாள். அப்பா ஒன்றும் பேசவில்லை.

அவர் மனதில் வேறொன்று ஓடியது. 2019 ஜூன் 29 அதிகாலை, இதே கோந்த்வாவில் மழையில் ஒரு குடியிருப்பின் சுற்றுச்சுவர் சரிந்து, பக்கத்துக் கட்டட வேலைக்கான தகரக் கொட்டகைகள் மேல் விழுந்தது. நான்கு குழந்தைகள் உட்பட 15 பேர் இறந்தார்கள். பிழைக்க வந்த வெளிமாநிலத் தொழிலாளர் குடும்பங்கள் அவை. வாங்கும் சோப்புக்கும் எண்ணெய்க்கும் வரி கொடுத்தவர்கள்தான். ஆனால் ரசீது வைக்க அவர்களுக்கு ஃபைல் கிடையாது. வார்டில் ஓட்டும் இல்லாதவர்களுக்காக யார் போய்க் கேட்பார்கள்?

ஏறக்குறைய நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 2026 ஜனவரி 15-ல் மாநகராட்சித் தேர்தல் வந்தது. அதற்கு முன் ஒரு மாலை வேட்பாளர் ஒருவர் கைகூப்பிக்கொண்டு மாடியேறி வந்தார். வேலூர்க்காரர் உள்ளே போய் நீல ஃபைலை எடுத்து வந்தார். மகளுடைய ரசீதுகளும் இப்போது அதில்தான். தனக்குத் தெரிந்த மராத்தியில் சொன்னார்: "இது நாங்க கொடுத்த கணக்கு. ஜெயிச்சா ஒவ்வொரு ஏப்ரலும் நீங்க கொடுக்கற கணக்கையும் இதே ஃபைல்ல வெக்கணும். எடம் விட்டிருக்கேன்."

வேட்பாளர் சிரித்துத் தலையாட்டினார். அவர் இறங்கிப் போனதும், அன்றைய தேதியை ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, ரசீதுகளுக்கு அடுத்ததாகக் கோத்து வைத்தார் வேலூர்க்காரர்.