ஆம்பூரில் ஆர்மோனியம், அர்ஜென்டினாவில் பாண்டோனியோன்!

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று போனால், பெரும்பாலும் மணலாகவே கிடக்கும் பாலாறு கூடவே வரும். ஆம்பூர் என்றதும் முதலில் பிரியாணி. அடுத்தது தோலும் ஷூவும். ஷிப்ட் முடிந்தால் கம்பெனி பஸ்களில் பெண்கள் கூட்டம் நிரம்பி வழியும்.

தோலுக்கு இன்னொரு வேலையும் உண்டு: காற்றைப் பிடித்து வைப்பது. கொல்லர் பட்டறையின் துருத்தி அப்படித்தான் உருவானது. அதே துருத்திதான் ஆர்மோனியப் பெட்டிக்கும் மூச்சு. பழைய வட ஆற்காட்டு கிராமங்களில் பாரதக் கூத்து நடக்கும் இரவுகளில், மிருதங்கம், முகவீணையோடு இந்தப் பெட்டியும் விடிய விடிய விழித்திருக்கும்.

இதற்கு அர்ஜென்டினாவில் ஒரு பங்காளி உண்டு. பெயர் பாண்டோனியோன். 1840-களில் ஜெர்மனியின் கிரெஃபெல்டு நகரத்து ஹைன்ரிக் பாண்ட் பெயரால் வந்த கருவி. கப்பலேறி அர்ஜென்டினா போய், டாங்கோ இசையின் உயிரானது. இதன் துருத்தி மடிப்பு மூலைகளிலும் மெல்லிய தோல்தான்.

கற்பதற்கு ரொம்பவே கஷ்டம். 71 பொத்தான்கள், அவை ஸ்வர வரிசையில் இருக்காது. பெரும்பாலான பொத்தான்கள், துருத்தியை விரித்தால் ஒரு ஸ்வரம், மூடினால் வேறு ஸ்வரம் தரும்.

அதை வசப்படுத்தியவர் ஆஸ்டர் பியாசோலா. 1921-ல் அர்ஜென்டினாவில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தவர். எட்டு வயதில் அப்பா அடகுக்கடையிலிருந்து ஒரு பழைய பாண்டோனியோன் வாங்கித் தந்தார். 1939-ல் புவெனஸ் அயர்ஸில் அனிபால் த்ரோய்லோ குழுவில் சேர்ந்தார். ஆனால், மனசுக்குள் 'பெரிய' இசையமைப்பாளர் ஆகும் ஆசை. 1954-ல் பாரிஸில் நாடியா பூலாஞ்சேயிடம் படிக்கப் போனபோது, டாங்கோ வாசிப்பவர் என்பதையே மறைத்தார். அவர் எழுதிய இசையில் அவரையே காணோம் என்று சொன்ன ஆசிரியை, ஒரு டாங்கோவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். இதுதான் நீ, இதை விட்டுவிடாதே என்றார்.

அதன்பின் அவர் எழுதியதை, 'இது டாங்கோவே இல்லை' என்று பழைய ரசிகர்கள் எதிர்த்தார்கள். அவர் நிறுத்தவில்லை. 1959-ல் அப்பா இறந்த துக்கத்தில் பிறந்த 'அடியோஸ் நோனினோ' இன்றும் உலக மேடைகளில் ஒலிக்கிறது. நோனினோ என்பது அப்பாவின் செல்லப்பெயர்.

நம் ஆர்மோனியமும் அவமானம் பட்டதுதான். கமகம் வராத வெளிநாட்டுப் பெட்டி என்று 1940-ல் அகில இந்திய வானொலி தடை போட்டது, 1971-ல்தான் தளர்த்தியது. அத்தனை வருடமும் கூத்து மேடையும் நாடக மேடையும் அதைக் கைவிடவில்லை. எம்.எஸ்.விஸ்வநாதனும் இளையராஜாவும் மெட்டுப் போட்டது அந்தப் பெட்டியில்தான்.

திரௌபதி அம்மன் திருவிழா சமயத்தில் இந்தப் பக்கம் வந்தால், பிரியாணியோடு திரும்பிவிட வேண்டாம். ஒரு ராத்திரி கூத்துக் களரியில் உட்காருங்கள். வேஷக்காரர்களைப் பார்த்தது போதும் என்று தோன்றும்போது, பின்னால் பெட்டிக்காரரின் இடது கையைக் கவனியுங்கள். பொழுது விடியும் வரை அது ஓயாது.