பிலிம் நின்றதற்கு அழுதவர்களும் அழாதவர்களும்

2018 ஏப்ரலில் ஃபியூஜி நிறுவனம் தன் நியோபான் ஆக்ராஸ் 100 என்ற கருப்பு வெள்ளை பிலிமை நிறுத்தப்போவதாக அறிவித்தது. எங்களோடு களப்பணிக்கு வரும் புகைப்படக்கார நண்பர்கள் சிலர் அன்று இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் போல இருந்தார்கள். கடை கடையாக அலைந்து மிச்சமிருந்த ரோல்களை வாங்கி ஃப்ரிட்ஜில் காய்கறிக்கு மேல்தட்டில் அடுக்கினார்கள். அந்தச் சாம்பல் நிறம் இனி எதிலும் வராது என்றார்கள். 2011இல் கோடாக் தன் பிளஸ்-எக்ஸை நிறுத்தியபோதும் இதே புலம்பல்தான். ஆக்ராஸ் விஷயத்தில் மட்டும் கதை திரும்பியது. மாற்று மூலப்பொருள் தேடிப் பிடித்து 2019இல் ஆக்ராஸ் 2 என்று மீண்டும் கொண்டுவந்தார்கள்.

இந்த வருத்தத்தை நாங்கள் கிண்டல் செய்யவில்லை. பத்து வருடம் பழகிய கருவி கையைவிட்டுப் போனால் வலிக்கும். மாட்டுத்தோல் பறையைத் தீயில் காய்ச்சி அடித்த கைகளுக்கு, பிளாஸ்டிக் தோல் கட்டிய பறை எப்படி இருக்கிறது என்று எங்கள் அண்ணன்மார்களைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் தோழர்களே, நம் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிலிம் செத்தது. அதற்கு யாரும் ஃப்ரிட்ஜில் இடம் ஒதுக்கவில்லை.

ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் இருந்தது. 1960இல் தொடங்கி, 1967இல் உற்பத்திக்கு வந்தது. கருப்பு வெள்ளை பிலிம், எக்ஸ்ரே பிலிம், போட்டோ அச்சிடும் காகிதம் எல்லாம் 'இந்து' என்ற பெயரில் வெளிவந்தன. இந்து என்றால் சந்திரன். தமிழில் எழுதினால் மதத்தின் பெயரும் அதே மூன்று எழுத்துதான், நம் எழுத்தில் வித்தியாசம் காட்ட வழியில்லை. ஆலையைச் சுற்றி வளர்ந்த பகுதிக்கே இந்து நகர் என்று பெயர் வந்துவிட்டது. பிலிம் பூச்சுக்குத் தூசியில்லாத காற்றும் குளிரும் வேண்டும் என்பதால் மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். நிறுவனத்தின் இன்னொரு பிரிவு எங்கள் பக்கம், அம்பத்தூரில் இருந்தது. கரையான்சாவடியில் ஆவடி பஸ் ஏறி, அங்கிருந்து இன்னொரு பஸ் மாறினால் போய்விடும் தூரம்.

பிலிம் ஆலை வேலை எப்படிப்பட்டது என்று யோசித்திருக்கிறீர்களா? ஒளிபட்டால் சரக்கு வீண். அதனால் பூசுவது, வெட்டுவது, சுற்றுவது, டப்பாவில் அடைப்பது எல்லாம் இருட்டில். கையே கண். ஷிஃப்ட் முழுக்க இருட்டில் நின்றுவிட்டு வெளியே வருகிறவருக்கு மலை வெயில் எப்படி இருந்திருக்கும்! புகைப்படக் கலையைப் பற்றித் தமிழில் வந்த எத்தனை கட்டுரைகளில் அந்தத் தொழிலாளி வருகிறார்?

அது பொதுத்துறை நிறுவனம். அதாவது, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வேலையில் இடஒதுக்கீடு இருந்த இடம். 1991க்குப் பிறகு இறக்குமதி வரி குறைந்தது. பாலியெஸ்டர் எக்ஸ்ரே பிலிம் திட்டத்துக்கு வாங்கிய கடன் கழுத்தை நெரித்தது. டிஜிட்டல் கேமரா கடைசியாக வந்து சேர்ந்தது. தொண்ணூறுகளின் நடுவிலேயே நலிந்த நிறுவனம் என்று முத்திரை விழுந்துவிட்டது. 2003இல் மூடச் சொல்லிப் பரிந்துரை வந்தது. 2014இல் விருப்ப ஓய்வுக்காகச் சுமார் 181 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பெயர்தான் விருப்ப ஓய்வு. டிஜிட்டல் வந்தது, பிலிம் போனது, இயற்கைதானே என்பார்கள். இயற்கைதான் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆலையோடு போன ஒதுக்கீட்டு வேலைகளுக்குப் பதிலாக எந்த டிஜிட்டல் கம்பெனி ஒதுக்கீடு கொடுத்தது? பொதுத்துறை மூடப்படும்போது நமக்குப் போவது சம்பளம் மட்டுமில்லை, அடுத்த தலைமுறை நுழைந்திருக்க வேண்டிய வாசலும் கூட. பிலிமின் சாம்பல் நிறத்துக்கு அழுதவர்கள் இதைக் கணக்கில் எடுத்து நாங்கள் பார்த்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிலிமில் வெள்ளி உப்பைப் பிடித்து வைத்திருப்பது ஜெலட்டின். அது மாட்டு எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் காய்ச்சி எடுப்பது. அதைவிட நல்ல மாற்றை நூறு வருடத்துக்கு மேலாகியும் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. செத்த மாட்டைத் தூக்குவதும் எலும்பு பொறுக்குவதும் இந்த நாட்டில் யார் தலையில் கட்டப்பட்டது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோயில் கோபுரத்தையும் மடத்துச் சாமியாரையும் கருப்பு வெள்ளையில் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்களே, அந்த நெகட்டிவ் அத்தனையிலும் மாடு இருக்கிறது.

அந்தப் பிலிமில் நாம் எப்படி விழுந்தோம் என்பதற்கு வருவோம். பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் ஸ்டுடியோ வைத்திருந்த பெரியவர் ஒருவரோடு நாங்கள் நிறைய நேரம் உட்கார்ந்து பேசியிருக்கிறோம். அவர் கற்றுக்கொண்ட முதல் வேலை கேமரா இல்லை, நெகட்டிவ் டச்சிங். நெகட்டிவைக் கண்ணாடிமேல் வைத்து, கீழிருந்து வெளிச்சம் விட்டு, ஊசி முனையாகச் சீவிய பென்சிலால் முகத்தின்மேல் மெல்ல மெல்லப் புள்ளி வைப்பார்களாம். நெகட்டிவில் எங்கே கருப்பு ஏறுகிறதோ, அச்சிடும்போது அங்கே வெளுப்பு விழும். தழும்பு மறையும், கன்னம் தெளியும், ஆள் ஒரு படி வெளுப்பார். "பொண்ணு பாக்க அனுப்புற படம்னா கூடுதலா வேலை இருக்கும். யாரும் சொல்லணும்னு இல்ல தம்பி, நாங்களே செஞ்சிடுவோம்" என்றார். யாரும் சொல்லாமலே! சாதி எப்படி இயங்குகிறது என்பதற்கு எங்கள் எம்.ஏ. சமூகவியல் பாடப்புத்தகத்தில் இவ்வளவு நல்ல உதாரணம் இல்லை.

இது பூந்தமல்லிக் கதை மட்டுமில்லை. கோடாக் நிறுவனம் கலர் அச்சின் அளவைச் சரிபார்க்கப் பல பத்தாண்டுகள் பயன்படுத்திய அட்டையில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். ஷெர்லி அட்டை என்பார்கள். அந்தத் தோலுக்குச் சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. கருப்பு மனிதர்களின் முகம் அதில் சேறாகத்தான் விழுந்தது. சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் தங்கள் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று புகார் சொன்ன பிறகுதான் பிலிமைத் திருத்தினார்களாம். மனிதர்கள் புகார் சொல்லி அல்ல, மேசை நாற்காலிக்காக.

கருப்பு வெள்ளையில் அந்தச் சிக்கல் குறைவு. பழைய ஆர்த்தோ பிலிம்களுக்குச் சிவப்பு தெரியாது, நம் தோல் அதில் இன்னும் இருண்டு விழும். பான்குரோமேட்டிக் வந்த பிறகு எல்லா நிறத்தையும் அது வெறும் வெளிச்சமாகத்தான் பார்த்தது. எவ்வளவு வெளிச்சம் விடுவது என்பது கேமரா பிடித்தவர் கையில். அளவெடுப்பவர் எதிரில் இருப்பவரின் முகத்துக்கு அளவெடுத்தாரா, பின்னால் இருக்கும் வெள்ளைச் சுவருக்கு எடுத்தாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மும்பை மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்களைச் சுதாரக் ஓல்வே கருப்பு வெள்ளையில் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். சாக்கடைக்குள் நிற்கும் மனிதரின் முகத்தில் கண்ணின் ஒளி வரை தெரியும். அவர் முகத்துக்கு அளவெடுத்தவர். நம் சுவர்களில் இருக்கும் அண்ணல் அம்பேத்கரின் படங்களுக்கும் பெரும்பாலும் மூலம் கருப்பு வெள்ளைதான். அந்தக் கோட்டின் நீலம் நாம் தீட்டியது.

எங்கள் காலனி வீடுகளில் போட்டோ என்பது தேவைக்கு எடுப்பது. பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டுக்கு, விடுதிச் சேர்க்கைக்கு, உதவித்தொகை விண்ணப்பத்துக்கு. வாழ்நாளின் முதல் படமே அந்த பாஸ்போர்ட் சைஸ்தான் என்று சொன்னவர்கள் எத்தனையோ பேர். மூன்று காப்பி வாங்கி மூன்றையும் விண்ணப்பத்தில் ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆயா செத்துப்போனால் பேனர் அடிக்க, வாக்காளர் அட்டையில் இருக்கும் மங்கிய முகத்தை ஊதிப் பெரிதாக்குவார்கள். கண் எங்கே, மூக்கு எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

அப்படியானால் நல்ல படம் எங்கே இருக்கிறது? ஸ்டுடியோவில், நெகட்டிவில்.

நண்பர்களின் துக்கத்துக்கும் எங்கள் துக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். அவர்களுக்குப் போனது இனி எடுக்கப்போகும் படம். எங்களுக்குப் போய்க்கொண்டிருப்பது ஏற்கெனவே எடுத்த படம். மெட்ரோ தூண்கள் எழுந்த பிறகு கரையான்சாவடியிலிருந்து குமணன்சாவடி வரை கடைகளின் முகமே மாறிவிட்டது. பழைய ஸ்டுடியோக்கள் ஜெராக்ஸ் கடையாக, செல்போன் கடையாக ஆகிவிட்டன. பெட்டி பெட்டியாக நெகட்டிவை என்ன செய்வது என்று தெரியாமல் எடைக்குப் போடுகிறார்கள். வெள்ளி எடுப்பதற்கென்றே பழைய பிலிமும் எக்ஸ்ரேயும் வாங்க ஆள் இருக்கிறது. வாங்கியவர் அதைக் கரைசலில் முக்கி உருவத்தை முழுக்கக் கழுவிவிட்டு வெள்ளியை எடுத்துக்கொள்கிறார். அந்த வெள்ளியில்தான் நம் ஆயாவின் முகம் இருந்தது. எடைக்குப் போகாமல் மிஞ்சியவை மூட்டைக்குள் நம் ஊர்ப் புழுக்கத்தில் வெந்து, காடி போல ஒரு புளித்த வாடை அடிக்கத் தொடங்கும். அந்த வாடை வந்துவிட்டால் பிலிமின் அடித்தாள் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நிறுத்த முடியாது, தள்ளிப்போடத்தான் முடியும்.

வழக்கு நடத்துகிற தோழர்களுக்கு நெகட்டிவின் மதிப்பு தெரிந்திருக்கும். எரிந்த குடிசையின் படத்தை நீட்டினால் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வி "நெகட்டிவ் எங்கே?" என்பதாகத்தான் இருந்தது. இப்போது செல்போன் படத்துக்குச் சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் கேட்டார்கள், 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்கீழ் கேட்கிறார்கள். கருவி மாறினாலும் நம் சொல்லுக்கு மட்டும் எப்போதும் கூடுதலாக ஒரு காகிதம் வேண்டும். பழைய வன்கொடுமைகளின் நெகட்டிவ்கள் எந்த அலமாரியில் கிடக்கின்றன என்பதை உங்கள் ஊர் மூத்த தோழர்களிடம் அவர்கள் இருக்கும்போதே கேட்டு வையுங்கள்.

தமிழ்நாட்டு ஸ்டுடியோ படங்களைச் சேகரித்து டிஜிட்டலாக்கும் வேலையைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தை ஒட்டிச் சில ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு செய்திருக்கிறார்கள். அருமையான வேலை. ஆனால் ஸ்டுடியோவுக்குப் போகக் காசு இருந்தவர்களின் படங்கள்தான் எந்த ஸ்டுடியோவிலும் அதிகம் இருக்கும். ஹால் டிக்கெட் முகங்களை நாமே தேடினால்தான் உண்டு. அந்தப் பெரியவர் கடையை மூடியபோது நான்கு அட்டைப்பெட்டிகளை எங்களிடம் கொடுத்தார். உறைகளின் மேல் பெயர் இல்லை, தேதியும் எண்ணும் மட்டும். காலனியில் ஒவ்வொரு வீடாகப் போய்க் காட்டுகிறோம். நெகட்டிவில் மனிதர் தலைகீழாகத் தெரிவார், முடி வெள்ளை, முகம் கருப்பு. அதனால் முதலில் யாருக்கும் அடையாளம் தெரிவதில்லை. செல்போனில் நிறத்தைத் திருப்பிக் காட்டியதும் ஒரு அத்தை "ஐயோ, இது எங்க பெரியக்கா" என்று போனைப் பிடுங்கிக்கொண்டார்.

செய்முறை கடினமில்லை. இன்னொரு போனின் திரையை வெறும் வெள்ளையாக்கிப் பிரகாசத்தைக் கூட்டி, அதற்கு ஒரு விரல் உயரத்தில் நெகட்டிவைப் பிடித்துப் படம் எடுங்கள். திரையில் ஒட்டி வைத்தால் புள்ளிபுள்ளியாக விழும். ஓரத்தைத் தவிர வேறெங்கும் விரல் படக்கூடாது. நிறத்தைத் திருப்பும் வசதி பல போட்டோ ஆப்களில் உண்டு. எடுத்த பிறகு நெகட்டிவைத் தூக்கி எறியாதீர்கள், பிளாஸ்டிக் பைக்குள்ளும் போடாதீர்கள். காகித உறையில் போட்டு, யார், எந்த ஊர், எந்த வருடம் என்று பென்சிலால் எழுதி வையுங்கள். பெயர் எழுதுவதை மட்டும் அடுத்த வாரத்துக்குத் தள்ளாதீர்கள். நாங்கள் இரண்டு முகங்களுக்குப் பெயர் கேட்கப் போனபோது, சொல்லக்கூடிய பாட்டி ஆடி மாதமே இறந்துவிட்டிருந்தார்.