மாவுக்கட்டும் இட்லி மாவும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன ஐப்பசியில், மழை ஈரத்தில் வாசற்படி வழுக்கி என் மனைவிக்கு வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. கையில் மாவுக்கட்டு, வீட்டில் இட்லிக்கு மாவு இல்லை என்று முதல் நாள் நான்தான் ஜோக் அடித்தேன். மறுநாள் காலை கடுகு டப்பா எங்கே என்று கேட்டேன். "முப்பது வருஷமா அதே இடத்துலதாங்க இருக்கு" என்றாள். அதற்கு மேல் எனக்கு ஜோக் வரவில்லை.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் செய்தேன். நாலு ஆழாக்கு இட்லி அரிசிக்கு ஒரு ஆழாக்கு உளுந்து, அரை ஸ்பூன் வெந்தயம். உளுந்தைத் தனியாக முதலில் அரைக்க வேண்டும், தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத்தான் விட வேண்டும். ஒரு சொட்டு மாவைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். நான் அவசரப்பட்டு ஒரு செம்பு தண்ணீரை மொத்தமாக ஊற்றிவிட்டேன். மழைக் குளிருக்கு மாவு பொங்கவும் இல்லை. மூன்று நாள் தோசைதான். அடுத்த முறை அடுப்புப் பக்கத்தில் துணி சுற்றி வைத்தேன், சின்னப் பாத்திரம். விடிந்து பார்த்தால் மேடையெல்லாம் மாவு!

நுண்ணுயிரிகள் மாவிலுள்ள சர்க்கரையை உண்டு கரியமில வாயுவை வெளிவிடுவதால் மாவு பொங்குகிறது என்று எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டிருப்பேன். 2007-ல் செயல்வழிக் கற்றல் வந்தபோது மற்ற ஆசிரியர்களுக்கு அதை விளக்கிச் சொன்னவனும் நான்தான். மாவில் கை வைத்தது இப்போதுதான்.

பாத்திரம் தேய்ப்பதுதான் எனக்கு எதிர்பாராமல் பிடித்துப்போனது. வகுப்பில் சொல்லிக்கொடுத்ததற்குப் பலன் தெரியப் பத்து வருடம் ஆகும், தெரியாமலும் போகும். புளி போட்டுத் தேய்த்த பித்தளைச் செம்பு பத்து நிமிடத்தில் பளபளவென்று நிற்கிறது. பணி ஓய்வுக்குப் பிறகு மதியம் இரண்டிலிருந்து நாலு வரை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு, காரணமில்லாமல் அவள்மேல் எரிந்து விழுந்துகொண்டிருந்தவன் நான். அந்த இரண்டு மணி நேரம் இப்போது எங்கே போகிறதென்றே தெரியவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு மதியம், நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவள் அழுதாள். கை வலியா என்றேன். "இல்லங்க. நீங்களே எல்லாம் செஞ்சுடுறீங்க. நான் எதுக்குமே ஆகாம உக்காந்திருக்கேன்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து எனக்குள் இருந்ததும் இதே சொல்தான். ஒருவரிடமும் சொன்னதில்லை. அன்று அவளிடம் சொன்னேன். "அதான் அப்படிக் கத்துனீங்களா" என்று கேட்டுவிட்டு, மடித்த வேட்டியைப் பார்த்து, "இது கோணலா இருக்கு, குடுங்க" என்று இடது கையால் பிரித்தாள். அதன் பிறகு மடிப்பது நான், சரிபார்ப்பது அவள்.

கட்டுப் பிரித்தாகிவிட்டது. சமையல் மறுபடி அவள் கைக்குப் போனது. மாவும் பாத்திரமும் என்னிடமே இருக்கட்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். உப்பை அரைத்தவுடன் போடுவதா, காலையில் போடுவதா என்று இன்னும் சண்டை தீரவில்லை. இதைத் தட்டச்சு செய்யும்போதே உள்ளேயிருந்து குரல், உளுந்து ஊறிவிட்டதாம்.