கிட்டிக்காரர் மகனும் டேவிட் ஜோன்ஸும்

ப்ராஜெக்ட் ஐஜிஐ விளையாட்டில் நடுவில் சேமிக்க முடியாது. இது தெரியாமல் அந்த விளையாட்டைப் பற்றி வேறு எதைச் சொன்னாலும் புரியாது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மிஷனைத் தொடங்கினால் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். இருபத்தைந்து நிமிடம் பதுங்கி, ஊர்ந்து, கேமராவுக்குத் தப்பி, கடைசிக் கட்டடத்தின் வாசலுக்கு வந்த பிறகு முதுகுப் பக்கமிருந்து எவனோ நாலு குண்டு போட்டால் போச்சு. மறுபடி முதல் வேலியிலிருந்து.

2000 டிசம்பரில் வந்த விளையாட்டு அது. நார்வேயைச் சேர்ந்த இன்னர்லூப் ஸ்டூடியோஸ் செய்தது, ஐடோஸ் வெளியிட்டது. வெளிநாட்டு விமர்சகர்கள் இரண்டு விஷயங்களைத் திட்டினார்கள்: சேமிக்க முடியாது, பலர் சேர்ந்து ஆட முடியாது. இந்தியாவில் அதெல்லாம் ஒரு குறையாகவே யாருக்கும் படவில்லை. சுமாரான கம்ப்யூட்டரிலும் ஓடியது, காப்பி அடித்த சிடி ஊருக்கு ஊர் சுற்றியது, அவ்வளவு போதும். குடவாசல் கடைத்தெருவில் மாடிப்படிக்குக் கீழே நாலு கம்ப்யூட்டர் போட்டிருந்த ப்ரௌசிங் சென்டருக்கு 2003இல் அது வந்து சேர்ந்தது. மணிக்கு இருபது ரூபாய். நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன்.

இருபது ரூபாய்க்கு ஒரு மணி நேரம் என்றால் கணக்கு எளிது. செத்துச் செத்து ஆடினால் அந்த ஒரு மணி நேரத்தில் முதல் மிஷனைப் பத்துப் பன்னிரண்டு முறை தொடங்கலாம், ஒருமுறைகூட முடிக்க முடியாது. முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் கழித்தார்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்த சீட் கோடு ஒன்று கைமாறிக்கொண்டிருந்தது. அதை அடித்தால் குண்டு படாது. சென்டர் அண்ணன் யாராவது அதை அடிப்பதைப் பார்த்தால் போதும், "இதுக்கு நீ வீட்ல உக்காந்து டிவி பாக்கலாம்ல" என்பார்.

முதல் மிஷன் நடக்குமிடம் ஒரு ரயில் யார்டு. சுற்றிலும் மலை. இதில் எங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருந்தது. எங்கள் ஊரில் உயரம் என்ற ஒன்றே கிடையாது. கண்ணுக்கெட்டிய வரை வயல், வரப்பு, வாய்க்கால், தள்ளித் தள்ளி நாலு தென்னை. ஏறி நின்று பார்க்க ஒரு இடம் வேண்டுமென்றால் கோனேசுவரர் கோயில்தான். அது மாடக்கோயில், கோச்செங்கட்சோழன் கட்டியது என்பார்கள். மேலேயிருந்து கீழே பார்த்துத் திட்டம் போடுவது என்பது எங்கள் உடம்பிலேயே இல்லாத பழக்கம். அதனால் மலைச்சரிவில் டேவிட் ஜோன்ஸை நிறுத்தியதும் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்தோம்: கீழே பார்த்து ஓடினோம். காவல் கோபுரத்தில் நிற்கிறவன் பார்த்தான், சுட்டான்.

ஓடாதவன் ஒருத்தன் இருந்தான். என் வகுப்பு. பெயர் வேண்டாம், நாங்கள் 'மாப்ள' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

அவனுடைய அப்பா கிட்டி வைப்பவர். தஞ்சாவூர்க் கிட்டியைப் பார்க்காதவர்களுக்காக: மூங்கிலை வளைத்து நாண் கட்டிய சின்ன வில் அது. பொரியை வைத்து வயலில் நட்டு வைப்பார்கள். எலி தலையை நீட்டினால் கழுத்தில் விழும். சாயங்காலம் வைத்துவிட்டு விடிகாலையில் போய் எடுப்பார்கள். கூலி எலிக் கணக்கில். வில்லைச் செய்வதை யாரும் கற்றுக்கொண்டுவிடலாம், எங்கே வைப்பது என்பதுதான் தொழில். எந்த வரப்பில் வளை, எந்தப் பக்கம் பயிர் கடிபட்டிருக்கிறது, எலி எந்த வழியாக வந்து எந்த வழியாகத் திரும்புகிறது. இதையெல்லாம் வரப்பில் உட்கார்ந்து பார்த்தே சொல்ல வேண்டும். எங்கள் பத்து மா நிலத்துக்கும் அவர்தான் கிட்டி வைத்தார். மாப்ளையும் கூட வருவான். வீட்டுக்கு வந்தால் கொல்லைப் பக்கமாக வந்து, கொல்லைப் பக்கமாகவே போவார்கள். அது ஏன் என்று எங்களில் யாரும் யாரையும் கேட்டுக்கொண்டதில்லை, இரண்டு பேருக்கும் தெரியும்.

சென்டரில் கொல்லைப்பக்கம் கிடையாது. ஒரே நாற்காலியில் இரண்டு பேர் பாதிப் பாதி உட்காருவோம். காசு என்னுடையது, மவுஸ் அவனுடையது.

முதல் நாள் அவன் செய்தது எனக்கு ஆத்திரத்தையே உண்டாக்கியது. மலைச்சரிவில் ஜோன்ஸைக் குந்த வைத்துவிட்டு, பைனாகுலரை எடுத்து, ஒன்றுமே செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து நிமிடம் ஓடியிருக்கும். ஒன்றே முக்கால் ரூபாய்.

"சுடுடா."

"இருடா. அவன் எங்க போயித் திரும்புறான்னு பாக்குறேன்."

விளையாட்டில் ஒரு வரைபடக் கணினி உண்டு, செயற்கைக்கோள் மேலிருந்து பார்ப்பதுபோல் இடத்தைக் காட்டும். மற்றவர்கள் வழி தெரிந்துகொள்ள அதைத் திறப்பார்கள். இவன் ஆட்கள் நடக்கிற தடத்தைப் பார்த்தான். என் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டான். இவன் இந்த மூலை வரை, அவன் அந்தப் பெட்டி வரை. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டும் நேரம் ஒன்று இருக்கிறது, அதற்குள் வேலியைத் தாண்ட வேண்டும்.

அவன் கண்டுபிடித்ததெல்லாம் இன்று எந்த யூடியூப் வீடியோவிலும் கிடைக்கும். ஏகே-47 கையில் கிடைத்த உடனே அதைத் தூக்கிக்கொண்டு வெடிக்கக் கூடாது, சத்தத்துக்கு ஆள் வரும். அலாரம் அடித்துவிட்டால் பாசறைக் கதவு திறந்து திறந்து மூடும், சுடச் சுட வந்துகொண்டே இருப்பார்கள், அந்த எண்ணிக்கைக்கு முடிவு கிடையாது. அதனால் முதலில் கேமராக்களை நிறுத்தும் கணினி எந்த அறையில் என்று பார்க்க வேண்டும். மாட்டிக்கொண்டால் வெட்டவெளியில் நிற்காமல் ஒரே வாசல் உள்ள அறைக்குள் போய் மூலையில் நில், அல்லது ஏணி ஏறி மேலே போய்விடு. ஏணியில் வருகிறவன் ஒவ்வொருத்தனாகத்தான் வர முடியும். உயிர் தானாக ஏறாது. மருந்து ஊசி எங்காவது கிடைத்தால் உண்டு, அதையும் பார்த்த உடனே போட்டுக்கொள்ளாமல் இடத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது திரும்பி வா. இதெல்லாம் வரப்பில் உட்கார்ந்து கற்ற அறிவா, அல்லது அடுத்தவன் காசில் ஆடுகிறவனுக்கு வரும் சிக்கனமா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டாவதுதான் என்று அவனே ஒருமுறை சொன்னான்.

நாலாவது நாள் ரயில் யார்டை முடித்தோம். சென்டரில் இருந்த எல்லோரும் எங்கள் பின்னால் நின்றார்கள். இரண்டாவது மிஷன் ஏவுகணைத் தளம். அதற்குப் பத்து நாள் ஆனது, அதில் மூன்று நாள் கரண்ட்டோடு போனது. யூபிஎஸ் பத்து நிமிடம் தாங்கும், "சீக்கிரம் முடிங்கடா" என்று அண்ணன் கத்துவார். ஐஜிஐயில் சீக்கிரம் என்பது சாவுக்கு இன்னொரு பெயர்.

சேமிக்கும் வசதியை ஏன் வைக்கவில்லை என்று இன்ஜினியரிங் படிக்கும்போது யோசித்திருக்கிறேன். இன்னர்லூப் அதற்கு முன் 1997இல் ஜாயின்ட் ஸ்ட்ரைக் ஃபைட்டர் என்ற போர்விமான விளையாட்டைச் செய்திருந்தது. அந்த இன்ஜினை வைத்துத்தான் ஐஜிஐயைக் கட்டினார்கள். அந்த மலைகள் அவ்வளவு தூரத்துக்குப் போவதற்குக் காரணம் அதுதான், விமானத்துக்காகச் செய்த நிலத்தில் ஒரு மனிதனை இறக்கிவிட்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய இடத்தில் ஒவ்வொரு காவலாளியும் எங்கே நிற்கிறான், எந்தக் கதவு திறந்திருக்கிறது, எது அணைந்திருக்கிறது என்று முழுசாக எழுதி வைத்துத் திரும்ப எழுப்புவது லேசான வேலை இல்லை. நேரம் இல்லாமல் விட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். பின்னாளில் "அது வேணும்னே வச்ச ஃபீச்சர்" என்று சொல்லிவிடலாம், எங்கள் துறையில் தினமும் நடப்பதுதான். 2003இல் வந்த இரண்டாம் பாகத்தில் எண்ணிக்கை வைத்துச் சேமிக்க விட்டார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

குடவாசலுக்கும் போருக்கும் உள்ள ஒரே பழைய உறவு ஒரு கைதியுடையது. புறநானூற்றின் 74ஆம் பாட்டின் அடிக்குறிப்பு, சோழன் செங்கணானிடம் தோற்றுப் பிடிபட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை குடவாயில் கோட்டத்துச் சிறையில் கிடந்தான் என்கிறது. தண்ணீர் கேட்டான், உடனே தரவில்லை, தாமதமாகத் தந்தபோது குடிக்காமல் செத்தான். அந்தச் செங்கணானும் மாடக்கோயில் கட்டிய கோச்செங்கட்சோழனும் ஒருவரே என்பது ஊரில் சொல்வது. தமிழய்யா இதை நடத்தியபோது மாப்ள என் காதில் சொன்னான்: "குடிச்சிருந்தா அடுத்த மிஷனுக்குப் போயிருக்கலாம்."

தண்ணீர் அந்த வருடம் எல்லோருக்கும் தாமதமாகத்தான் வந்தது. 2002, 2003 இரண்டு ஆண்டும் ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறக்கவில்லை. குறுவை போனது, சம்பாவும் சரியில்லை. எங்களைப் போல நிலம் வைத்திருந்தவர்களுக்குக் கடன் ஏறியது, சொசைட்டி, நகை, இப்படி ஏதோ ஒரு வழி இருந்தது. கிட்டி வைப்பவர் நிலை வேறு. பயிர் இல்லையென்றால் எலி இல்லை. எலி இல்லையென்றால் கூலி இல்லை. வறட்சி நிவாரணம் பற்றி அப்பா வீட்டில் பேசும்போதெல்லாம் ஏக்கர் கணக்குதான் வந்தது. எலிக் கணக்கில் கூலி வாங்கியவர் அதில் எங்கே வருவார்?

மூன்றாவது மிஷன் விமானத் தளம். பாதி வரை போயிருந்தோம். 2004 முழுப் பரீட்சை முடிந்த வாரம் மாப்ள குடும்பத்தோடு திருப்பூர் போனான். சொல்லிக்கொண்டுதான் போனான், சென்டருக்கு வந்தே சொன்னான். கணக்கு நோட்டை வாங்கி, விமானத் தளத்துக்குப் போட்டிருந்த பக்கத்தில் ஒரு கோட்டைத் திருத்தினான். "இங்க ஒரு கேமரா இருக்கு, நான் விட்டுட்டேன்" என்றான். அவனுடைய அப்பா பனியன் கம்பெனி ஒன்றில் வாட்ச்மேன் ஆனார். அவன் பத்தாவதை அங்கே தொடங்கி, நடுவில் நிறுத்திவிட்டு செக்கிங் செக்‌ஷனில் சேர்ந்தான்.

அந்த நோட்டை வைத்து நான் தனியாக ஆடிப் பார்த்தேன். வழி எல்லாம் சரியாக இருந்தது, உட்கார்ந்து பார்க்கத்தான் எனக்குப் பொறுமை இல்லை. பிறகு பிளஸ் டூ, கவுன்சலிங், கல்லூரி, சென்னை.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பில் அதை நிறுவினேன். இப்போது பார்த்தால் ஆட்களின் முகம் அட்டைப்பெட்டிபோல இருக்கிறது, புத்தியும் அப்படித்தான். பக்கத்தில் ஒருவன் விழுந்து கிடப்பான், இவன் அவனைத் தாண்டி நடப்பான். ரயில் யார்டில் ஆறு முறை செத்தேன். வாட்ஸ்அப்பில் மாப்ளயைக் கூப்பிட்டேன். நாங்கள் பேசிக்கொள்வது உண்டு, பொங்கல், தீபாவளி, யாராவது இறந்தால். அவன் இப்போது சூப்பர்வைசர், பையன் ஏழாவது. பையன் பிஜிஎம்ஐ ஆடுகிறான், அதை நிறுத்தச் சொல்லி வீட்டில் சண்டையாம். போனைத் திரைக்கு நேராக நிறுத்தி வைத்தேன். பையனும் எட்டிப் பார்த்தான். "என்னப்பா இது, கிராஃபிக்ஸே இல்ல" என்றான்.

"நீ சும்மா இரு" என்றான் மாப்ள. பிறகு என்னிடம், "எதுக்குடா ஓடுற? உக்காரு. பைனாகுலர எடு."

எடுத்தேன். அவனுக்குக் கோபுரத்துக்காரன் திரும்புகிற இடம் ஞாபகம் இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அவன் ஷிஃப்ட் இல்லாத நேரத்தில் ஆடுகிறோம். விமானத் தளம் முடிந்துவிட்டது, அந்தக் கேமரா அவன் சொன்ன இடத்தில்தான் இருந்தது. மொத்தம் 14 மிஷன், இதுவரை ஐந்து முடித்திருக்கிறோம்.